ரோபோகாப் பழையதும் புதியதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடம்பாக்கத்தில் நாங்கள் சிலர் மாதாமாதம் கூடிப் படம் பார்க்கிறோம். 1987-ல் வந்த ரோபோகாப்பையும் 2014-ல் வந்த அதன் மறு ஆக்கத்தையும் அடுத்தடுத்துப் போட்டதிலிருந்து, டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முடிவு வரை கதையைப் பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திவிட்டு, பார்த்தபின் மீதியைப் படிப்பது நல்லது.

ரெண்டும் ஒரே கதைதானே? அப்புறம் என்ன வித்தியாசம்?

எலும்புக்கூடு ஒன்றுதான். டெட்ராய்ட் நகரத்தில் அலெக்ஸ் மர்ஃபி என்ற போலீஸ்காரன் குற்றவாளிகளிடம் சிக்கிச் சிதைகிறான். மிச்சமிருக்கும் உடலை ஒரு பெரிய நிறுவனம் எடுத்து, இயந்திரத்துக்குள் பொருத்தி, ரோந்துக்கு அனுப்புகிறது. கடைசியில் அவன் தன்னை உருவாக்கியவர்களையே எதிர்த்து நிற்கிறான். 1987 படத்தை இயக்கியவர் நெதர்லாந்துக்காரரான பால் வெர்ஹோவன். எழுதியவர்கள் எட்வர்ட் நியூமையரும் மைக்கேல் மைனரும். மர்ஃபியாக நடித்தவர் பீட்டர் வெல்லர். 2014 படத்தின் இயக்குநர் பிரேசிலைச் சேர்ந்த ஜோசே பாடில்யா, மர்ஃபியாக ஜோயல் கின்னமன்.

மாறியது பயணத்தின் திசை. பழைய மர்ஃபி கண் விழிக்கும்போது தான் யாரென்றே அவனுக்குத் தெரியாது. இயந்திரமாகத் தொடங்கி, துண்டு துண்டாக ஞாபகம் வந்து, மனிதனை நோக்கி வருகிறான். புதிய மர்ஃபிக்கு விழிக்கும்போதே மனைவி, மகன், வீடு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகுதான் அவனிடமிருந்து மனிதத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்கிறார்கள். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைப்பவை.

எதை முதல்ல பார்க்கணும்?

பழையதை. புதிய படத்தின் பல காட்சிகள் பழையதற்குச் சொல்லும் பதில்கள். கேள்வியைக் கேட்காமல் பதிலை மட்டும் கேட்டால் பாதி போய்விடும். முடிந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஒரே நாளில் பார்த்தால் இரண்டாவது படத்தைப் பார்க்க மாட்டோம், முதல் படத்தோடு சரிபார்த்துக்கொண்டே இருப்போம்.

சின்னப் பசங்களோட உட்கார்ந்து பார்க்கலாமா?

பழையதை வேண்டாம். பொம்மை, கார்ட்டூன் எல்லாம் வந்ததால் அதைக் குழந்தைகள் படம் என்று நினைத்துக்கொண்டு போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பெரியவர்களுக்கான படம், அதிலும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பார்க்க வேண்டிய படம். புதியது அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ் பெற்றது. எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு பார்க்கலாம். எட்டாவது கேள்வியில் சொல்லும் ஆய்வகக் காட்சிக்கு மட்டும் பக்கத்தில் இருங்கள்.

பழைய படத்துல ஏன் இவ்ளோ ரத்தம்? தேவையா அது?

இந்தப் படத்துக்குத் தேவை என்றே நினைக்கிறேன். அமெரிக்கத் தணிக்கைக் குழு முதலில் இதற்குப் பெரியவர்களுக்கு மட்டுமான எக்ஸ் சான்றிதழ்தான் கொடுத்தது. திரும்பத் திரும்ப வெட்டி அனுப்பித்தான் அதைவிடத் தளர்வான ஆர் சான்றிதழ் வாங்கினார்கள். வெட்டுப்பட்ட பகுதிகள் சேர்ந்த முழு வடிவம் பின்னாளில் டிஸ்க்குகளில் வந்தது. வெர்ஹோவன் 1938-ல் பிறந்தவர். போர்க்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஹேக் நகரில், குண்டு விழும் தெருக்களுக்கு நடுவே சிறுவனாக வளர்ந்தவர். வன்முறை என்றால் உடலுக்கு என்ன ஆகும் என்பதை அவர் மறைத்துக் காட்டுவதில்லை.

மர்ஃபி கொல்லப்படும் காட்சியைப் பாருங்கள். கைவிடப்பட்ட ஆலைக்குள் கும்பல் அவனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டே சுடுகிறது. முதலில் கை போகிறது, அப்புறம் உடல், கடைசியில் தலையில் ஒரு குண்டு. பார்க்கவே முடியாது. ஆனால் அந்தக் காட்சி நமக்குள் ஒரு ஞாபகத்தைப் பதித்துவிடுகிறது. அடுத்த ஒரு மணி நேரம் மர்ஃபிக்கு இல்லாத அந்த ஞாபகம் நம்மிடம் இருக்கிறது. அவன் தூக்கத்தில் துடிக்கும்போது எதற்குத் துடிக்கிறான் என்று அவனைவிட நமக்கு நன்றாகத் தெரியும். கொலையை இரண்டு நொடியில் காட்டிவிட்டுப் போயிருந்தால் இது நடந்திருக்காது.

இயக்குநரே மர்ஃபியை இயேசுவின் சாயலில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். சிலுவைப்பாடு, உயிர்த்தெழுதல் என்ற வரிசையில் யோசித்தால் அந்தக் காட்சியின் நீளம் புரியும். கடைசிச் சண்டையில் ரோபோகாப் தேங்கிய தண்ணீர்மேல் நடந்து வருவது போலத் தெரியும் ஷாட்டும் அதனால்தான்.

அப்போ புதுசு சப்புன்னு இருக்கறதுக்கு ரத்தம் இல்லாததுதான் காரணமா?

ரத்தத்தின் அளவைவிட நேரம்தான் பிரச்சினை. புதிய மர்ஃபி வீட்டு வாசலில் கார் வெடிகுண்டில் சிதைகிறான். ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். குண்டு வைத்தவர்களின் முகம் நமக்குள் பதிவதே இல்லை. அதனால் பின்னால் அவன் பழிவாங்கப் போகும்போது நாமும் கூடப் போகத் தோன்றுவதில்லை.

அதே சமயம், சான்றிதழ் கட்டுப்பாட்டை பாடில்யா ஒரு இடத்தில் மிக நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார். படம் தெஹ்ரானில் தொடங்குகிறது. அமெரிக்க ரோபோக்கள் தெருவில் மக்களைக் கைதூக்க வைத்துச் சோதனை போடுகின்றன. டிவியில் நேரலை. சமையலறைக் கத்தியோடு ஓடிவரும் ஒரு சிறுவனை இடி-209 என்ற பெரிய ரோபோ ஆபத்து என்று கணக்கிடுகிறது. சுடும் நேரத்தில் டிவி நிலையம் காட்சியை மாற்றிவிடுகிறது. நமக்குக் காட்டாமல் விட்டது தணிக்கை பயத்தினால் மட்டுமல்ல, அந்த உலகத்து மக்களுக்கும் காட்டப்படுவதில்லை. பழைய படத்தில் அலுவலகக் கூட்டத்துக்கு நடுவே இடி-209 ஒரு இளம் அதிகாரியைச் சல்லடையாக்கும் காட்சிக்கு இது தகுதியான ஜோடி.

பழைய ரோபோகாப் ஏன் அவ்ளோ மெதுவா நடக்கறார்?

உடையை வடிவமைத்தவர் ராப் பாட்டின். அது வருவதற்கு முன்பே பீட்டர் வெல்லர் மோனி யாகிம் என்ற மைம் ஆசிரியரிடம் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்தார். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு தாமதமாக உடை வந்து சேர்ந்து, மாட்டிப் பார்த்தபோது பழகிய அசைவு எதுவுமே அதற்குள் வேலை செய்யவில்லை. இருவரும் மறுபடி உட்கார்ந்து, வேகத்தைக் குறைத்து, அசைவுகளைப் புதிதாக அமைத்தார்கள். முதலில் தலை திரும்பும், அப்புறம்தான் உடல் திரும்பும், கவனித்திருப்பீர்கள். டெட்ராய்ட் கதை என்றாலும் படப்பிடிப்பு பெரும்பாலும் டெக்சாஸின் டல்லஸில், வெயிலில் நடந்தது. உடைக்குள் வெல்லர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அந்த நடையில் பாதி சத்தம். ஒவ்வொரு அடிக்கும் கேட்கும் உலோக அதிர்வு, மூட்டு திரும்பும் ஓசை. ஒலி விளைவுத் தொகுப்புக்காக இந்தப் படத்துக்குச் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர் வருவது தெரியும்.

புதுசுல கறுப்பு சூட் எதுக்கு? நம்ம எந்திரன் சிட்டி மாதிரி ஓடுது, குதிக்குது.

முதலில் செய்யும் உடை பழைய படத்தைப் போலவே வெள்ளி நிறம். மைக்கேல் கீட்டன் நடித்த நிறுவனத் தலைவர் செல்லர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, கறுப்பு போடுங்கள், அதிரடியாக இருக்கட்டும் என்கிறார். கதைக்குள்ளேயே அது ஒரு விற்பனை முடிவு. படத்தின் முடிவில் மர்ஃபி வெள்ளி உடைக்குத் திரும்புகிறான். பைக்கில் பறக்கிறான், தாவுகிறான். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் கனம் போய்விட்டது. பழையவர் மெதுவாக வரும்போது வந்த பயம் இதில் வரவில்லை.

சிட்டியோடு ஒப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2010-ல் வந்த எந்திரனுக்கு ஒப்பனையும் அசையும் ரோபோ உருவங்களும் செய்த அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ்தான் 2014 ரோபோகாப்பின் உடையையும் செய்தது. ஆனால் சிட்டி இயந்திரமாகப் பிறந்து உணர்ச்சியைக் கற்றுக்கொள்பவன். புதிய மர்ஃபி அதற்கு நேர் எதிர்த் திசையில் தள்ளப்படுபவன்.

அந்த நுரையீரல் சீன் ராத்திரி தூங்க விடலை. அது எதுக்கு அவ்ளோ கொடூரமா?

என்னைப் பொறுத்தவரை இரண்டு படங்களிலும் சேர்த்து மிகச் சிறந்த காட்சி அதுதான். மர்ஃபி ஒரு கனவில் மனைவியோடு நடனமாடிக்கொண்டிருக்கிறான். விழித்தால் உடலெல்லாம் உலோகம். இது வெறும் உடுப்புதானே என்று நினைக்கிறான். கேரி ஓல்ட்மேன் நடித்த டாக்டர் நார்ட்டன் கண்ணாடி முன் நிறுத்தி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றச் சொல்கிறார். கடைசியில் மிஞ்சுவது முகம், மூளை, தொண்டை, கண்ணாடிப் பெட்டிக்குள் விரிந்து சுருங்கும் நுரையீரல், ஒரு வலது கை. என்னைக் கொன்றுவிடுங்கள் என்கிறான். கின்னமனுக்கு முகத்தைத் தவிர நடிக்க எதுவுமில்லை. அதை வைத்தே நடித்திருக்கிறார்.

ஒரு துளி ரத்தமில்லை. நான்காவது பதிலில் சொன்ன பழைய கொலைக் காட்சி செய்த வேலையை இது வேறு வழியில் செய்கிறது. அந்தக் கையையும் கவனியுங்கள். பழைய படத்தில் டாக்டர்கள் மர்ஃபியின் ஒரு கையைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமையோடு சொல்வார்கள். மிகெல் ஃபெரர் நடித்த அதிகாரி மார்ட்டன், முழுசும் இயந்திரமாகத்தானே பேசினோம், அந்தக் கையையும் எடுத்துவிடுங்கள் என்பார். புதிய படம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு கையை மட்டும் விட்டுவைக்கிறது. பாடில்யா பழைய படத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

முழு ரோபோவையே விடலாமே, எதுக்கு உள்ளே ஒரு மனுஷன்?

இதற்குப் புதிய படத்தின் பதில்தான் வலுவானது. அமெரிக்க மண்ணில் ரோபோக்கள் ஆயுதத்தோடு நிற்கக் கூடாது என்று டிரேஃபஸ் சட்டம் தடுக்கிறது. முடிவெடுப்பது மனிதன் என்று காட்டினால் சட்டத்தைத் தாண்டிவிடலாம். அதற்காக ஒரு மனித முகம் தேவைப்படுகிறது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நிற்கும் செனட்டருக்கு ஹூபர்ட் டிரேஃபஸ் என்று பெயர். கணினியால் மனிதனைப் போல யோசிக்க முடியாது என்று வாதிட்ட நிஜத் தத்துவவாதியின் பெயரும் அதுதான்.

இதிலிருந்து பயங்கரமான ஒன்று பிறக்கிறது. பயிற்சியில் மர்ஃபி ரோபோவைவிட மெதுவாக இருக்கிறான், ஏனென்றால் சுடுவதற்கு முன் யோசிக்கிறான். நார்ட்டன் உள்ளே ஒரு மாற்றம் செய்கிறார். சண்டை என்று வந்தால் மென்பொருள் முடிவெடுக்கும், ஆனால் தானே முடிவெடுத்ததாக மர்ஃபியின் மூளை நம்பும். பழைய படத்தில் இந்த யோசனையே கிடையாது. அங்கே இடி-209 சொதப்பியதால் மார்ட்டனுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

பழைய படத்துல மனைவி, பையன் வர்றதே இல்லையே? புதுசுல நிறைய வர்றாங்களே?

பழையதில் அவர்கள் ஞாபகக் கீற்றுகளாக மட்டும் வருகிறார்கள். ரோபோகாப் தன் பழைய வீட்டைத் தேடிப் போகும்போது வீடு காலி, விற்பனைக்கு. மகனுக்காக டிவி நாயகனைப் பார்த்துப் பழகிய துப்பாக்கிச் சுழற்றல் மட்டும் கையில் மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கூட வேலை பார்த்த ஆன் லூயிஸ் அவனை அடையாளம் காண்கிறாள். நான்சி ஆலன் நடித்த அந்தப் பாத்திரம் இல்லையென்றால் படத்தில் மர்ஃபியைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை.

புதியதில் அந்த வேலையை மனைவி கிளாரா எடுத்துக்கொள்கிறாள், அதனால் லூயிஸ் பாத்திரம் மெலிந்துவிட்டது. இதில் லூயிஸ் ஆண், மைக்கேல் கே. வில்லியம்ஸ் போன்ற நல்ல நடிகரை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் கொடுக்கவில்லை. கிளாராவுக்கு ஒரு நல்ல கட்டம் இருக்கிறது. மருந்தளவை மாற்றி உணர்ச்சியைக் குறைத்தபின், மர்ஃபி தன் அறிமுக விழா மேடைக்கு வரும்போது மனைவியையும் மகனையும் பார்க்காமலே கடந்து போகிறான். உடல் சிதைந்ததைவிட அவளுக்கு அது பெரிய இழப்பு. அதன் பிறகு வரும் கடத்தல், கூரைமேல் சண்டை எல்லாம் வழக்கமானவை.

புதுசுல வில்லன் யாருன்னே மனசுல நிக்கலை.

உண்மை. பழையதில் கர்ட்வுட் ஸ்மித் நடித்த கும்பல் தலைவன் கிளாரன்ஸ் பாடிக்கர் தெருவிலும், ரானி காக்ஸ் நடித்த நிறுவன மேலதிகாரி டிக் ஜோன்ஸ் மாடியிலும் இருந்தார்கள். இருவரும் ஒரே கூட்டு என்று தெரியும்போது கதை முழுவதும் இணைகிறது. புதியதில் ஆயுத வியாபாரி ஒருவன் வருகிறான், சுடப்படுகிறான். அவ்வளவே. செல்லர்ஸ் கெட்டவர் என்பதைவிடச் சுறுசுறுப்பான வியாபாரி என்றுதான் தோன்றும். கீட்டன் அதை ரசித்து நடித்திருக்கிறார், ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் அவரைத் திடீரென்று துப்பாக்கி தூக்க வைத்தது கதையின் அவசரம்.

நடுநடுவுல செய்தி, விளம்பரம்னு வருதே, அது கதைக்கு சம்பந்தமா?

பழைய படத்தின் உயிரே அதில் இருக்கிறது. சிரித்த முகத்தோடு அணு ஆயுதச் செய்தி வாசிப்பார்கள். செயற்கை இதயத்துக்கு விளம்பரம் வரும். குடும்பத்தோடு உட்கார்ந்து அணுகுண்டு போட்டு விளையாடும் பலகை விளையாட்டு வரும். மருத்துவமனை, சிறை, போலீஸ் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போன ஊரில் மக்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதை ஓரிரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. அரசு வேலைகளைத் தனியாருக்குக் கொடுப்பதே தீர்வு என்று ரீகன் காலத்து அமெரிக்கா பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

புதியதில் இத்தனையும் சேர்ந்து சாமுவேல் எல். ஜாக்சன் நடத்தும் ஒரே டிவி நிகழ்ச்சியாகிவிட்டது. நம் ஊர் இரவு எட்டு மணி விவாதங்களைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் குரல் நன்றாகவே புரியும். ஆனால் ஒருவர் நம்மிடம் பேசுவதற்கும், ஒரு ஊரே எப்படி இருக்கிறது என்று ஓரக்கண்ணால் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஏன் டெட்ராய்ட்? வேற ஊர் கிடைக்கலையா?

சென்னையில் இருக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஊரை இந்தியாவின் டெட்ராய்ட் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். டெட்ராய்ட் கார்த் தொழிலால் எழுந்த நகரம், அந்தத் தொழில் வெளியேறியபோது காலியான நகரம். பழைய படத்தில் மூடிக்கிடக்கும் ஆலை, வேலைநிறுத்தம் செய்யும் போலீஸ், பழைய ஊரை இடித்துவிட்டு டெல்டா சிட்டி கட்டத் துடிக்கும் நிறுவனம் எல்லாம் அதனால் வருகின்றன. ரோபோகாப் ஓட்டும் கார் ஃபோர்டு டாரஸ். 2013-ல் நிஜ டெட்ராய்ட் திவால் மனு கொடுத்தது. அதற்கு அடுத்த வருடம்தான் புதிய படம் வெளிவந்தது.

ஆனாலும் புதிய படத்தில் டெட்ராய்ட் வெறும் முகவரி. கண்ணாடிக் கட்டடம், ஆய்வகம், சீனாவில் ஒரு தொழிற்சாலை என்று கதை சுற்றுகிறது. ஊர்க்காரர்கள் யாரும் பேசுவதில்லை. மறு ஆக்கத்தின் ஆகப் பெரிய இழப்பு என்று நான் சொல்வது இதைத்தான், ரத்தத்தை அல்ல. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றபோது சுற்றுவட்டாரத்தில் பலருடைய வாழ்க்கை எப்படி மாறியது என்று எங்கள் கூட்டத்துக்கு வரும் சிலருக்கு நேரடியாகத் தெரியும். அவர்கள் பழைய படத்தின் அந்தத் துருப்பிடித்த ஆலையை வெறும் சண்டைக் களமாகப் பார்ப்பதில்லை.

சென்னை போலீஸே ரோபோ காப் வைக்கறாங்களே, படம் மாதிரியா?

2025-ல் அறிவித்தது சிவப்புப் பொத்தான் ரோபோட்டிக் காப் என்ற கருவி. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையோடு பேசலாம், கேமரா சுற்றிலும் பார்க்கும். அது கைது செய்யாது, துப்பாக்கி கிடையாது. பெயர் மட்டும்தான் ஒற்றுமை.

கேமரா விஷயத்தில் புதிய படம் நமக்கு நெருக்கமானது. மர்ஃபியின் மூளைக்குள் நகரத்துக் கேமராப் பதிவுகளையும் குற்ற ஆவணங்களையும் மொத்தமாக ஏற்றுகிறார்கள். கூட்டத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்ததும் பழைய வழக்கு தெரிந்துவிடுகிறது. தன்னைக் கொல்ல முயன்ற வழக்கையே அப்படித்தான் துப்பறிகிறான். மூன்றாவது கண் என்று சொல்லித் தெருத்தெருவாகக் கேமரா வைத்த ஊரில் இருந்துகொண்டு பார்க்கும்போது, திருட்டைப் பிடிக்க உதவும் அதே பதிவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி தானாக எழுகிறது. 1987 படத்தில் இதற்கு இடமே இல்லை.

மர்ஃபி இதுக்கெல்லாம் சம்மதிச்சாரா? சட்டப்படி அவர் உயிரோட இருக்காரா செத்துட்டாரா?

இரண்டு படமும் இதில் நேரெதிர். பழையதில் அவன் சட்டப்படி இறந்தவன். வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்தின்படி உடல் நிறுவனத்துக்குச் சொந்தம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அதிகாரிகள் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

புதியதில் மர்ஃபி இறக்கவில்லை. கிளாரா கையெழுத்துப் போடுகிறாள். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானம் செய்யும் திட்டம் 2008 முதல் நடந்துவருகிறது. மருத்துவமனை வராந்தாவில் குடும்பத்தார் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கும் நிமிடம் எப்படிப்பட்டது என்று நம்மில் பலருக்குத் தெரியும். அங்கே எதற்குக் கையெழுத்து என்று தெளிவாகச் சொல்கிறார்கள், பலன் இன்னொரு உயிருக்குப் போகிறது. கிளாராவிடம் பாதிதான் சொல்லப்படுகிறது. கணவன் பிழைப்பான் என்கிறார்கள், யாருடைய பொருளாகப் பிழைப்பான் என்று சொல்லவில்லை. நார்ட்டன் நல்லவர், அவளிடம் கனிவாகப் பேசுபவர். கை இழந்த கிட்டார் கலைஞருக்குச் செயற்கைக் கைகள் கொடுத்து வாசிக்க வைத்தவர். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு படியாக இறங்குவதுதான் இந்தப் படத்தின் உண்மையான கதை என்று நினைக்கிறேன். பழைய படத்தில் இப்படி மனசாட்சியோடு தவறு செய்யும் மனிதர் ஒருவர்கூட இல்லை.

கடைசில ப்ரோகிராமை மீறினது யாரு? மர்ஃபியா, மெஷினா?

எங்கள் கூட்டத்தில் இன்னும் சண்டை ஓயாத கேள்வி. பழைய ரோபோகாப்புக்குள் மூன்று கட்டளைகள் வெளிப்படையாக இருக்கின்றன: மக்கள் நம்பிக்கைக்கு உழைப்பது, அப்பாவிகளைக் காப்பது, சட்டத்தை நிலைநாட்டுவது. நான்காவது ரகசியம். நிறுவனத்தின் மேலதிகாரியைக் கைது செய்ய முடியாது. கடைசிக் காட்சியில் டிக் ஜோன்ஸ் நிறுவனத் தலைவரான முதியவரைப் பணயமாகப் பிடிக்கிறான். ரோபோகாப் கை அசையாமல் நிற்கிறான். முதியவர் ஜோன்ஸை வேலையைவிட்டு நீக்கியதாக அறிவிக்கிறார். அந்த நொடியே சுடுகிறான். உடைந்தது கட்டளை அல்ல, ஜோன்ஸின் பதவி. நான்காவது கட்டளை அப்படியே உள்ளே இருக்கிறது. பெயர் கேட்டதும் மர்ஃபி என்று சொல்லிவிட்டு அவன் நடக்கும்போது நாம் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டலோடு சேர்த்து யோசித்தால், அவனுக்குப் பெயர் கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை.

புதியதில் செல்லர்ஸின் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை. அதை அணிந்தவரை மர்ஃபியால் சுட முடியாது. ஆனால் குடும்பம் ஆபத்தில் இருக்கும்போது மனத்திடத்தால் அதைத் தாண்டிச் சுட்டுவிடுகிறான். பார்க்கும்போது நெஞ்சு நிமிர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதாவது பதிலை நினைத்துப் பாருங்கள். உன் விருப்பம் என்று நீ நம்புவதே மென்பொருள் கொடுத்த மாயை என்று ஒரு மணி நேரம் நிரூபித்த படம், கடைசியில் விருப்பம் எப்படி ஜெயித்தது என்று ஒரு வரி கூடச் சொல்லவில்லை. அதற்கு முன்பு குறைக்கப்பட்ட உணர்ச்சி திரும்பி வருவதற்கும் விளக்கமில்லை, டாக்டர்களே திகைத்துப் பார்க்கிறார்கள்.

அதனால் என் பதில்: பழையதில் யாரும் மீறவில்லை, படம் அதை ஒளிக்கவும் இல்லை. புதியதில் மர்ஃபி மீறினான் என்று படம் சொல்கிறது, ஆனால் அதை நம்ப முடியாதபடி செய்ததும் அதே படம்தான். அன்பு மென்பொருளைவிட வலியது, அதற்கு விளக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் எங்களில் பாதிப்பேர். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அன்பு வேலை செய்ய, கிளாராவுக்கும் மர்ஃபிக்கும் இடையே இன்னும் இரண்டு காட்சியாவது தேவைப்பட்டது. கூரைமேல் சுட்ட தோட்டாக்களில் கொஞ்சம் குறைத்திருந்தால் அதற்கு நேரம் கிடைத்திருக்கும்.